கழுத்தில் பொருத்தத்தக்க தளவாடம்

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் நாற்காலி, மேசை, பீரோ ஆகிய மூன்றும் இருந்தே தீரவேண்டும் என்பதை விவரம் தெரிந்த யாரும் மறுக்கமாட்டார்கள். ஆட்களே இல்லாத அலுவலகங்கள் உண்டு. பீரோ இல்லாத அலுவலகம் கிடையாது. இந்த மகத்தான உண்மையின்மேல் எழுந்து நின்றதுதான் தளவாட வழங்கல் இயக்குநரகம். நாட்டிலுள்ள எல்லா அலுவலகங்களுக்கும் நாற்காலி, மேசை, பீரோ வாங்கிக் கொடுப்பது அதன் பணி. அதன் ஊழியர்கள் மட்டும் கால் ஆடுகிற நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தனக்குத் தானே வழங்கிக்கொள்ள விதியில் இடமில்லை.

இயக்குநரகத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்கு எதிரே, சன்னல் ஓரமாக ஒரு பீரோ நின்றது. அதை வெறும் பீரோ என்று சொல்லிவிட்டால் வேலை போய்விடும். அது ‘மாதிரி பீரோ’. எந்த ஊரில் எவன் பீரோ செய்தாலும் அது இந்தப் பீரோவின் சாம்பல் நிறத்தில்தான் இருக்கவேண்டும் என்று ஆதியில் யாரோ ஒரு புண்ணியவான் ஆணை போட்டிருந்தார். மேசை, நாற்காலிகளுக்கும் அதே ஆணைதான். ஆகவே அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ‘தொடாதீர்’ என்று ஒரு பலகையையும் மாட்டி வைத்திருந்தார்கள்.

பீரோவின் சாவி கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது; மற்றபடி மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் அவர் சாவிக்காரர்தான். அப்படிப் பூட்டிப் பாதுகாக்கும்படி உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால், அவருடைய குடையும், சாப்பாட்டு டப்பாவும், இடமாற்றம் கேட்டு அவர் போட்ட விண்ணப்பங்களுக்கு வந்த பதில்களும் இருந்தன.

சாவிக்காரரின் குடும்பம் ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போகவேண்டிய தூரத்தில் இருந்தது. ‘தற்காலிகமாக’ என்று சொல்லி அவரை இங்கே அனுப்பியபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ரகசியம் பேசுகிற வயது. இடையில் நடந்ததையெல்லாம் அவர் போன் வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். வருஷம் தவறாமல் விண்ணப்பம் போட்டார். வருஷம் தவறாமல் ஒரே பதில் வந்தது: ‘மேற்படி ஊர் விண்ணப்பதாரருக்கு உகந்ததல்ல எனக் கருதப்படுகிறது.’ பெண்டாட்டி பிள்ளை இருக்கிற ஊர் தனக்கு எப்படி உகந்ததல்லாமல் போயிற்று என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம் போடவேண்டும்.

நிலைமை இப்படி இருக்கும்போது இயக்குநரகத்துக்குப் பொன்விழா வந்தது.

மந்திரியை அழைத்தார்கள்; வேலை இருக்கிறது என்றார். செயலரை அழைத்தார்கள், மந்திரியே வராத இடத்தில் தனக்கென்ன வேலை என்றார். இப்படி ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே போனதில், விழா நாளன்று சும்மா இருக்கும் ஒரே முக்கியப் பிரமுகர் இயக்குநரின் மனைவிதான் என்பது தெரியவந்தது. அவரே சிறப்பு விருந்தினர் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. சிறப்பு விருந்தினருக்கு நினைவுப் பரிசு கொடுத்தாகவேண்டும். என்ன கொடுப்பது என்று யோசிக்க ஒரு கூட்டம் போட்டார்கள்.

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?” என்றார் துணை இயக்குநர். துணை இயக்குநர் அம்மாள் உலகத்தில் எந்த மூலையில் புதுப் பாணி எது கிளம்பினாலும் மறுநாளே அலுவலகத்துக்கு அணிந்துகொண்டு வந்துவிடுவார். “இந்த வருஷம் பூரா சாம்பல் கல்லுதான். நெக்லஸ், மோதிரம், தோடு, எல்லாமே சாம்பல். சிவப்பு, பச்சைன்னு போட்டா சிரிக்கிறாங்க சார். மேடம்கூட போன வாரம் என்கிட்ட கேட்டாங்க.”

“என்ன கேட்டா?” என்றார் இயக்குநர், சற்றுப் பயத்தோடு.

“‘எல்லார்கிட்டயும் சாம்பல் கல்லு இருக்கு, என்கிட்ட மட்டும் இல்ல’ன்னாங்க.”

இரண்டு நாளாக வீட்டில் சாப்பாடு சரியில்லாததற்குக் காரணம் இயக்குநருக்கு அப்போதுதான் புரிந்தது. “சரி, நெக்லஸ் வாங்கிடுவோம்” என்றார்.

“ஆட்சேபம்” என்றார் தணிக்கை அதிகாரி. அவர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார் என்பதே அந்தச் சொல்லைக் கேட்டால்தான் தெரியும். “நம்ம துறை நகை வாங்க முடியாது. தளவாடம் மட்டும்தான் வாங்கலாம்.”

“அப்போ நெக்லஸைத் தளவாடமா வாங்குங்க.”

“தளவாடம்னா என்னன்னு விதியில தெளிவா இருக்கு சார். ‘ஒரு பொருளைத் தாங்கவோ, காட்சிக்கு வைக்கவோ பயன்படும் சாதனம்.’”

“நெக்லஸ் கல்லைத் தாங்குதா இல்லையா?” என்றார் துணை இயக்குநர்.

“தாங்குது.”

“காட்சிக்கு வைக்குதா?”

தணிக்கை அதிகாரி கண்ணை மூடினார். எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். “வைக்குது” என்று ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் பெரிய நிம்மதி நிலவியது. கோப்பில் ‘கழுத்தில் பொருத்தத்தக்க தளவாடம், சிறியது, ஒன்று’ என்று எழுதப்பட்டது.

தேநீர் வந்தது. எல்லோரும் குடித்து முடித்து எழுந்திருக்கும் நேரத்தில் தணிக்கை அதிகாரி மறுபடி வாயைத் திறந்தார்.

“தளவாடம்னா அங்கீகரிக்கப்பட்ட சாம்பல் நிறத்துல இருக்கணுமே?”

“அதான் சாம்பல் கல்லுதானே வாங்கறோம்?”

“எந்தச் சாம்பல் சார்? மாதிரி பீரோ சாம்பலா, கண்ட சாம்பலா?”

எல்லாத் தலைகளும் மெதுவாகச் சாவிக்காரர் பக்கம் திரும்பின. அவர் மூலையில் கால் ஆடுகிற நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். “பாருங்க, கல்லு சரியா அமையணும். பீரோவுக்கும் பொருந்தணும், வீட்டுலயும் பிடிக்கணும். விழா நல்லபடியா முடிஞ்சா அன்னைக்கே உங்க டிரான்ஸ்ஃபர்ல கையெழுத்துப் போடறேன். என் வாக்கு.”

சாவிக்காரர் அந்த வாக்கை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் மனைவிக்கு போன் போட்டுச் சொன்னார்.

“கல்லைத் தேர்ந்தெடுக்கிற வேலையா? உங்களுக்கா?” என்று மனைவி சிரித்தாள். “கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கும்போது நீல மோதிரத்தைக் காட்டி இந்தப் பச்சை நல்லாருக்குன்னு சொன்ன மனுஷன் நீங்க.”

“இது பச்சையில்ல, சாம்பல். சாம்பல் எனக்குத் தெரியும். தினம் அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“ஊர்ல இருக்கிற மகராசிக்கெல்லாம் கல்லுத் தேடுங்க. நான்தான் இங்க காலிக் கழுத்தோட உட்கார்ந்திருக்கேன்” என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவருக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

கல் வியாபாரம் செய்கிற அம்மாள் ஒருத்தியை வரவழைத்தார்கள். கல்லுக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். கல்லைப் பரப்ப மேசை எங்கே என்று பார்த்தாள்.

“மேசையில வேணாம்மா. இங்க வாங்க” என்று சாவிக்காரர் அவளைக் கயிற்றைத் தாண்டிப் பீரோவுக்குப் பின்னால், நிழலில் நிறுத்தினார். “இதோட ஒட்டவெச்சுக் காட்டணும்.”

கல்லுக்காரம்மா பீரோவை மேலும் கீழும் பார்த்தாள். கல்லை வெல்வெட்டுமேல் வைத்துக் காட்டியிருக்கிறாள், உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கிறாள். பீரோவில் ஒட்டிக் காட்டச் சொன்ன வாடிக்கையாளர் இதுவரை கிடைத்ததில்லை. ஆனால் அவள் நாலு அரசு அலுவலகங்களைப் பார்த்தவள். எதுவும் கேட்கவில்லை.

முதலில் ஒரு கல்லை எடுத்தாள். கல் வெறும் சாம்பலாக இருந்தது. அவள் கையைச் சற்றுத் திருப்பியதும் உள்ளிருந்து நீலம் பளிச்சென்று எழுந்து அடங்கியது. “லாப்ரடோரைட்டுங்க. பார்க்கிற கோணத்துக்குத் தக்கபடி உள்ள ஒரு வெளிச்சம் ஓடும்.” சாவிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மனைவியின் கழுத்தில் அது எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது.

“ஆட்சேபம். இந்தப் பக்கம் நின்னா சாம்பல், அந்தப் பக்கம் நின்னா நீலம். அரசாங்கம் ரெண்டு பேச்சுப் பேசலாமா?” என்றார் தணிக்கை அதிகாரி.

“பேசலாம். வெளிய தெரியக்கூடாது” என்றார் துணை இயக்குநர். கல் தள்ளுபடியாயிற்று.

அடுத்தது புகை படிந்த கண்ணாடி மாதிரி ஒரு கல். அதில் விரலை வைத்தால் மறுபக்கம் விரல் தெரிந்தது. பீரோ என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பது அடிப்படைக் கொள்கை என்பதால் அதுவும் போயிற்று. அதற்கடுத்து ஸ்பினல் என்று ஒன்று. பட்டை தீட்டி, எஃகு போல மின்னியது. “பீரோ மின்னுதா?” என்று ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டார்கள். சாம்பல் நிலாக்கல்லை எடுத்தாள். மேகத்துக்குப் பின்னால் இருக்கிற மாதிரி ஒரு மங்கிய ஒளி அதில் நகர்ந்தது. பணி நேரத்தில் நகரக்கூடிய எதுவும் தளவாடம் ஆகாது என்று அதற்கும் ஆட்சேபம். சாம்பல் முத்து கல்லே அல்ல என்று கோப்பில் குறித்துக்கொண்டார்கள்.

கல்லுக்காரம்மாவுக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது. பையின் அடியில் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள்.

“இது அகேட்டு. ஒளி ஓடாது. வரி கிடையாது. ஆழம் கிடையாது. மின்னவே மின்னாது. உண்மையைச் சொல்லணும்னா, இதை நான் விக்கணும்னு கொண்டுவரலீங்க. யாரும் கேக்கமாட்டாங்க.”

பீரோவில் வைத்துப் பார்த்தார்கள். எங்கே பீரோ முடிகிறது, எங்கே கல் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“அற்புதம்” என்றார் தணிக்கை அதிகாரி. அவர் வாயிலிருந்து வேறொரு சொல் வருவதை ஊழியர்கள் அன்றுதான் முதன்முதலில் கேட்டார்கள்.

“இது ரொம்ப அபூர்வமான கல்லுங்க” என்றாள் கல்லுக்காரம்மா உடனே.

ஆனால் சாவிக்காரருக்கு ஒரு சந்தேகம். அவர்கள் கல்லை வைத்துப் பார்த்தது பீரோவின் பின்பக்கம். முன்பக்கம் வெயில் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. அங்கே வைத்தால் கல் கறுப்பாகத் தெரிந்தது. இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தினம் அந்தப் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனால் முடியவில்லை. சொன்னார். பெரிய சர்ச்சை மூண்டது. மக்கள் பார்ப்பது முன்பக்கம் என்பதால் முன்பக்கமே அதிகாரபூர்வமான சாம்பல் என்றார் துணை இயக்குநர். அசல் கெடாமல் இருப்பது பின்பக்கம் என்பதால் பின்பக்கமே அதிகாரபூர்வம் என்றார் தணிக்கை அதிகாரி. அப்படியானால் இதுவரை முன்பக்கத்தைப் பார்த்து நாடு முழுக்கச் செய்த பீரோக்கள் எல்லாம் என்ன நிறம் என்று யாரோ கேட்டார். கேட்டவரை வெளியே அனுப்பினார்கள்.

விழா நெருங்கிக்கொண்டிருந்தது. சர்ச்சை முடிகிற வழியாக இல்லை. சாவிக்காரர் ராத்திரி ரயிலையும், தனக்காகத் திறக்கப்போகும் வாசல் கதவையும் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில்தான் அந்த யோசனை வந்தது. அவர் வாழ்க்கையில் அவருக்கு வந்த ஒரே அதிகாரபூர்வமான யோசனை.

“சார், கல்லும் மாதிரியும் ஒரே நிறத்துல இருக்கணும்னுதானே விதி? எது எதை மாதிரி இருக்கணும்னு விதியில இல்லையே. பீரோவுக்குக் கல்லோட நிறத்துல பெயின்ட் அடிச்சிட்டா?”

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்காலி கால் ஆடி விழுந்தது.

மாதிரி பீரோவுக்குக் கல்லின் நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். அதோடு விட்டிருந்தால் உலகம் பழையபடி இருந்திருக்கும். ஆனால் மாதிரி மாறினால் மற்றதெல்லாம் மாறவேண்டும் அல்லவா? முதலில் இயக்குநரகத்தின் பீரோக்கள் மாறின. பிறகு மேசைகள், நாற்காலிகள், கதவுகள். சுவரைத் தாங்குவதால் தூண்களும், விளக்கைத் தாங்குவதால் சுவர்களும் தளவாடமே என்று விளக்கம் வந்தது. விழா மண்டபத்தில் மேடை, திரைச்சீலை, மைக் எல்லாம் சாம்பல் ஆயின. வாசல் காவலாளியின் தொப்பிகூடச் சாம்பல் ஆயிற்று, அவன் அதைத் தலையில் பொருத்தியிருந்த குற்றத்துக்காக.

துணை இயக்குநர் தலையிலிருந்து கால்வரை சாம்பல் உடையில் வந்தார். மறுநாள் அலுவலகத்தில் பாதிப் பெண்கள் சாம்பலில் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் மீதிப் பாதி. ஆண்கள் சாம்பல் சட்டை தைக்கக் கொடுத்தார்கள். ஊரில் துணிக்கடைக்காரர்கள் அரசு நிறம் என்று பலகை மாட்டினார்கள். கல்லுக்காரம்மா யாரும் கேட்காத கல்லையெல்லாம் தேடித் தேடி வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் நெக்லஸ் செய்து வந்தது. தளவாடம் என்றால் பாரம் தாங்கும் சோதனை உண்டு. தணிக்கை அதிகாரி அதில் நாலு தடிக் கோப்புகளைக் கட்டித் தொங்கவிட்டார். கொக்கி பிய்ந்தது. பீரோ கதவுக்குப் போடுகிற கொக்கியில் சிறியதாகப் பார்த்துப் பொருத்தினார்கள். அடுத்து, எல்லாத் தளவாடங்களுக்கும் பின்புறம் வெள்ளை பெயின்டில் எண் எழுதவேண்டும். கொக்கிமேல் ஒரு சின்னத் தகடு வைத்து, பீரோக்களுக்கு எண் எழுதுகிற பெயின்டரைக் கூப்பிட்டார்கள். அவரிடம் சின்னத் தூரிகை இல்லை. இருந்ததை வைத்து, தகடு முழுக்க நிரம்பும்படி, ‘ஒன்று’ என்று எண்ணைக் கொட்டையாக எழுதினார். சாவிக்காரர் அதைப் பொறுப்பாளர் என்ற முறையில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

விழா நாள் வந்தது. இயக்குநரின் மனைவி கழுத்துவரை மூடிய சாம்பல் உடையில் வந்திறங்கினார். அவர் கெட்டவர் இல்லை. எல்லோரிடமும் இருப்பது தன்னிடமும் இருக்கவேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். இயக்குநர் மேடையில் நெக்லஸை அவர் கழுத்தில் பூட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“எப்படி ஜொலிக்குது பாருங்க!” என்றார் துணை இயக்குநர் மைக்கில்.

“கண்ணை எடுக்க முடியல” என்று முதல் வரிசையில் ஒருவர் சொன்னார். கண்ணை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. சாம்பல் திரைக்கு முன்னால் சாம்பல் உடையில் சாம்பல் கல் எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பக்கத்து வரிசைக்காரர் பாராட்டும்போது தான் மட்டும் சும்மா இருப்பதெப்படி? மண்டபமே பாராட்டியது. சாவிக்காரரும் பாராட்டினார். சட்டைப்பையில் அன்றைய ரயில் டிக்கெட் இருந்தது.

உரைகள் முடிந்தன. சிறப்பு விருந்தினர் நகையைப் பார்க்கும் ஆசையில் மேடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக் கண்ணாடிக்குப் போனார். அங்கே மங்கலாக ஒரே ஒரு விளக்கு. கண்ணாடியில் சாம்பல் உடை தெரிந்தது. நெக்லஸ் தெரியவில்லை.

“ஐயோ, நெக்லஸைக் காணோம்!” என்று அவர் போட்ட சத்தத்தில் மண்டபம் எழுந்து நின்றது.

கையால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் காணாமல் போன பொருளைக் கையால் தேடுவது அலுவலக நடைமுறை அல்ல. விசாரணை வைத்துத்தான் தேடவேண்டும். கதவுகளைச் சாத்தினார்கள். ஊழியர்கள் ஒருவர் பையை ஒருவர் சோதித்தார்கள். நாலு குடையும் ஒரு பல்செட்டும் கிடைத்தன.

“தளவாடம் தொலைஞ்சா பொறுப்பாளர்தான் பொறுப்பு. கையெழுத்துப் போட்டு வாங்கினது யாரு?” என்றார் தணிக்கை அதிகாரி.

மறுபடி எல்லாத் தலைகளும் திரும்பின.

“இன்னைக்குக் கையெழுத்துப் போடறேன்னு சொன்னேன்ல?” என்றார் இயக்குநர். “போடறேன்யா. சஸ்பென்ஷன் ஆர்டர்ல போடறேன். திருட்டுப் பய!”

சாவிக்காரர் சட்டைப்பையிலிருந்த டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அலுவலகத்திலிருந்து ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை; கொண்டுபோக வீடு பக்கத்திலும் இல்லை. மகள் இதை எப்படிக் கேள்விப்படுவாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

அப்போதுதான், மேடைக்குத் திரும்பி வந்து மைக் அருகே நின்றிருந்த இயக்குநரின் மனைவி தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்காகத் திரும்பினார். பிடரியில், கொண்டைக்குக் கீழே, வெள்ளையாகக் கொட்டை எழுத்தில், ‘ஒன்று’.

பார்த்தது சாவிக்காரர் மட்டும் அல்ல. நேர் பின்னால் நின்ற துணை இயக்குநரும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கூரையில் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். முதல் வரிசை முழுக்கப் பார்த்தது. தணிக்கை அதிகாரி எண் சரியாக இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்துவிட்டு, குனிந்து செருப்பைச் சரிசெய்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் திருடன். திறந்தால் என்ன ஆகும் என்று சாவிக்காரருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மகளின் முகம் அவரை விடவில்லை.

“அம்மா, அது உங்க கழுத்துலதாங்க இருக்கு.”

அந்த அம்மாள் மெதுவாகக் கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தார். கற்கள் ஒன்றோடொன்று உரசும் ஒலி மைக்கில் கேட்டது. பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, அதைப் பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார். விழா இனிதே நிறைவுற்றது.

மறுநாள் காலை குற்றச்சாட்டு தயாராயிற்று: ‘சிறப்பு விருந்தினரின் பிடரியை முன் அனுமதியின்றி உற்று நோக்கியமை.’ தண்டனை, இடமாற்றம்.

“எங்க போடலாம்? ஜென்மத்துக்கும் மறக்கக்கூடாது” என்றார் இயக்குநர். அவர் இரவு சாப்பிட்டிருக்கவில்லை.

“தண்டனைன்னா ஊழியருக்கு உகந்ததல்லாத ஊருக்குத்தான் போடணும். அதுதான் விதி” என்றார் தணிக்கை அதிகாரி.

“எந்த ஊர் உகந்ததல்லன்னு எப்படி முடிவு பண்றது?”

“நாமதான் ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சிருக்கோமே சார்” என்றார் துணை இயக்குநர். “வருஷா வருஷம் எழுதியிருக்கோம். இவருக்கு உகந்ததல்லன்னு இருக்கிற ஊர் ஒண்ணே ஒண்ணுதான்.”

இயக்குநர் பற்களைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆணையை வாங்கிப் படித்தபோது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள சாவிக்காரர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குடையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, படியிறங்கும்வரை தலையைக் குனிந்தபடியே போனார். தெருமுனை திரும்பியதும் ஓடினார். முந்தின நாள் டிக்கெட் செல்லாமல் போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கினார்.

ரயிலிலிருந்தே மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னார். சபை நடுவே எழுந்து உண்மையைச் சொன்ன கதையைக் கேட்டு அவள் பூரித்துப்போனாள். “நீங்களா சொன்னீங்க? அத்தனை பேர் முன்னாலயா?” என்று மூன்று தடவை கேட்டாள். அவரும் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கம்பீரமாகவே இருந்தது.

காலையில் ஊரில் இறங்கினார். ரயில் நிலையத்து பெஞ்சுகள் சாம்பலாகியிருந்தன. தபால் நிலையம் சாம்பல். எதிரே வந்த பெண்கள் சாம்பல். தான் சொன்ன ஒரு யோசனை தனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மனைவி கதவைத் திறந்தாள். சாம்பல் உடை. பின்னால் மகள், அதே சாம்பலில். மனைவி இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து நின்றாள்.

“உங்க கல்லுக்காரம்மாவை வரவழைச்சு நானும் ஒரு நெக்லஸ் வாங்கிட்டேங்க. எப்படி இருக்கு?”

சாவிக்காரர் அவள் கழுத்தைப் பார்த்தார். உடைதான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். உற்று நோக்கியதற்குத்தான் போன தடவை தண்டனை வந்தது என்பது நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் கழித்து வீடு வந்திருக்கிறோம், வாசலிலேயே எதற்கு வம்பு?

“பிரமாதம்! என்னமா ஜொலிக்குது!” என்றார்.

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “பெட்டியை விட்டு இன்னும் எடுக்கவே இல்லீங்க.”

உள்ளே மகள் களுக்கென்று சிரித்தாள்.

“நேத்திலேருந்து வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஜொலிக்குதுன்னாங்க. உங்க தங்கச்சி வந்து எங்க வாங்கினீங்க அண்ணின்னா. மாடி வீட்டம்மா பொறாமையில ராத்திரி தூங்கவே இல்லியாம். சரி, ஊரு அப்படித்தான். சபையில நின்னு உண்மையைச் சொன்ன மனுஷன் வருவாரு, அவராவது சொல்வாருன்னு பார்த்தேன். நீங்களுமா?”

சாவிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இயக்குநரின் மனைவிக்கு ஒரு நியாயம், தன் மனைவிக்கு ஒரு நியாயமா? இனி இந்த வீட்டில் பொய்யே கிடையாது என்று அங்கேயே, பையைக்கூடக் கீழே வைக்காமல், தீர்மானம் செய்தார். மனைவியை நன்றாகப் பார்த்தார். வருஷங்களுக்குப் பிறகு, அவசரமில்லாமல், பகல் வெளிச்சத்தில் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு இளகியது. மனசு இளகிய நேரத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது.

“காதுக்கு மேல ரெண்டு பக்கமும் நல்லா நரைச்சுப் போச்சேம்மா.”

மகள் சிரிப்பை நிறுத்தினாள். மனைவி கையை இடுப்பிலிருந்து எடுத்தாள். அவர் கையிலிருந்த பையை வாங்கவில்லை. திரும்பி உள்ளே நடந்தவள், பாதி வழியில் நின்றாள்.

“இதுக்குத்தான் உங்கள இத்தனை வருஷமா அங்கேயே வெச்சிருந்தாங்க போல.”